ஒரே பெட்டிக்குள் இரண்டு மருந்து

கல்யாணம் நிச்சயமான பெண் மாப்பிள்ளையோடு போனில் பேசுவது எங்கள் வீட்டில் குடும்ப நிகழ்ச்சி. ஆளுக்கொரு செல்போன் வராத காலம். அத்தைக்குப் பார்த்திருந்த மாமா சிங்கப்பூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் வந்தால் அப்பா மழையை விசாரிப்பார், அம்மா சாப்பாட்டை. கடைசியில் ரிசீவர் அத்தை கைக்கு வரும்போது வீடே அவள் வாயைப் பார்க்கும். "நல்லாருக்கேன்" என்பாள். அதோடு சரி. தை மாதம் கல்யாணம். மாமாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஊரில் மழை உண்டா இல்லையா என்பதுதான்.

கம்ப்யூட்டர் வழியாகப் பேசினால் செலவு குறைவு என்று மாமா சொன்னதும், அப்பா ஒன்றை வாங்கி ஹாலில் வைத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கர்கள் வேறு. கம்ப்யூட்டர் படித்திருந்த அத்தை, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த சிடியைப் போட்டு லினக்ஸ் ஏற்றினாள். அங்கே பிடித்தது வினை. மோடம் வேலை செய்தால் சவுண்டு கார்டு ஊமையாகும். பாட்டுப் போட்டால் இணைப்பு அறுந்துபோகும். இரண்டும் உள்ளே ஒரே நம்பருக்கு அடித்துக்கொள்கின்றன என்றாள் அத்தை.

அப்பாவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று வாசல் செம்புத் தகட்டில் கைவைக்கிற பழக்கம் அவரை விடாது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்குமுன் எங்களையும் ஜன்னல் கம்பியைத் தொட வைத்தார்.

ஒரு மத்தியானம் அப்பா கம்பெனிக்குப் போயிருந்தார், அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். அத்தை ஒரு கார்டைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, கறுப்புத் திரையில் என்னவோ தட்டினாள். மோடம் கீச்சிட்டு இணைந்தது. கூடவே பாட்டும் பாடியது. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அத்தை அந்த ஸ்பீக்கர்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சவுண்டு கார்டைக் கழற்றி வைத்தாள்.

சாயங்காலம் அப்பாவிடம், "ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள சேந்து இருக்காதுண்ணே. பேச வழியில்ல. மெயிலுதான் எழுதணும்" என்றாள்.

அப்பா மறுகேள்வி கேட்கவில்லை. "பிறகு? ஒரே ரூம்ல ரெண்டு மருந்த வச்சா சும்மா இருக்குமா? கழட்டுனதுதான் நல்லது தாயி."

அந்த விதியால்தான் எங்கள் பக்கம் பலர் உயிரோடிருக்கிறார்கள். அதைச் சந்தேகப்பட எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. ஸ்பீக்கர்கள் பரணுக்குப் போயின.

நானும் நம்பினேன். அன்று வீடு வெடிக்காமல் தப்பியது அத்தையின் சுதாரிப்பால்தான் என்று முடிவுகட்டி, அம்மா பயந்துவிடுவாளே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அதன்பிறகு அத்தை தினமும் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பின்னால் வந்து நிற்பார். எல்லாம் இங்கிலீஷ். "மழை உண்டான்னு கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அத்தை திரையைப் பார்த்துத் தானாகச் சிரிப்பாள். சிலநாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மாமாவோடு பேசக் கொடுத்துவைக்காத ஏக்கம் என்று எனக்கு அழுகையாக வந்தது. அவள்மேல் எனக்கு அம்புட்டுப் பிரியம்.

அந்த வருஷம் இருக்கன்குடிக்குப் போனபோது, அந்தச் சவுண்டு கார்டு எப்படியாவது வேலை செய்யவேண்டும் என்று மாரியம்மனிடம் மனமுருக வேண்டிக்கொண்டேன். அம்மனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கண்டுகொள்ளவே இல்லை.