எந்தத் தோட்டம் என்று கேட்ட டாக்டர்

டாக்டர் மகேந்திரன் தம்முடைய வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாயாண்டியின் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். கோட்டின் இரண்டு கைகளையும் முன்பக்கம் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி அவர் தோளில் கைபோட்டு, "வாங்கண்ணே, இந்தப் பக்கமா போலாம், அங்க கூட்டமா இருக்கு" என்று கழிவறைக்கு நடத்திக்கொண்டு போனார்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டுப் புந்தோங்கிலிருந்து பஸ் ஏறி வந்தவர் மாயாண்டி. ஈப்போ ஆஸ்பத்திரி நடையில் நம்பர் கூப்பிடுவதற்குக் காத்திருந்தபோது அவரால் தாங்க முடியாமல் போய்விட்டது. ஐம்பத்தொன்பது வயது மனுஷர். பள்ளிக்கூடத்தில் ஜாகாவாகக் காவல் வேலை பார்ப்பவர். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியாக வந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கோட்டைக் கழற்றினார், அவ்வளவுதான்.

மாயாண்டியின் மனைவி கலாதேவி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் மனசில் ஒரு முள் குத்தியது. இவ்வளவு பெரிய டாக்டர் இதை ஏன் செய்கிறார்? நம்மிடம் இவருக்கு என்ன வேண்டியிருக்கிறது?

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சுங்காய்ப் பக்கம் ஆத்தோரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மாயாண்டியும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். ரப்பர் தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது, "எல்லாருக்கும் வீடு உண்டு" என்று சிரித்த முகத்தோடு வந்தவர்கள் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வீடு வரவில்லை. லாரிதான் வந்தது, சாமான்களை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி. அன்றிலிருந்து யாராவது வலிய வந்து நல்லது செய்தால், அவள் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள், காகிதம் இருக்கிறதா என்று.

டாக்டரின் கையிலும் காகிதம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துவைத்துத் தேய்த்த கோட்டோடு இருவரும் அவர் அறைக்குப் போனார்கள். டாக்டர் கோட்டை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, பெருங்குடல்ல ஒன்னுமில்ல. மேல்பக்கந்தான் சிக்கல். உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கிக் கசிஞ்சிருக்கு, அதான் மலம் கறுப்பா போயிருக்கு. வாய் வழியா கேமரா விட்டு, சின்ன ரப்பர் வளையம் போட்டுக் கட்டிட்டேன்."

"ரப்பரா? பால் வெட்டுனவனுக்கு ரப்பர்லயே வைத்தியமா டாக்டர்?" என்றார் மாயாண்டி.

டாக்டர் சிரித்தார். கலாதேவி சிரிக்கவில்லை.

"ஆனா அதுக்குக் காரணம் கல்லீரல். அது தழும்பேறி இறுகிப்போயிருக்கு. தண்ணி போடுற பழக்கம் உண்டா?"

"முருகன் சத்தியமா கெடையாது. இருவத்தேழு வருசமா பத்துமலைக்கு மாலை போடுறேன்."

டாக்டர் தலையை ஆட்டினார். ஒரு காகிதத்தை முன்னால் இழுத்துப் பேனாவை எடுத்தார். "நீங்க எந்தத் தோட்டம்ணே? எந்த லயம்?"

கலாதேவிக்கு உடம்பெல்லாம் காதாயிற்று. இந்தக் கேள்வியை அவள் நன்றாக அறிவாள். மகள் பிரமிளாவுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்கள் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். எந்தத் தோட்டம், வீட்டு வரிசையில் மேல் லயமா கீழ் லயமா, அப்பாவுக்கு என்ன வேலை. சாதியை நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் சுற்றி வரும் வழி அது. கீழ் லயம் என்று காதில் விழுந்ததும், காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்கள்.

கணவன் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "மேட்டுத் தோட்டம் டாக்டர்."

அப்படி ஒரு தோட்டத்தில் அவர்கள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. மாயாண்டி தரையைப் பார்த்தார். டாக்டர் எதையோ எதிர்பார்த்து ஏமாந்தவர் போல, எழுத வந்த பேனாவை மூடி வைத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. கோட்டைக் கட்டிவிட்ட அன்பெல்லாம் வேஷம். ஆளை எடை போட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தாதி புனிதா ஒரு தாளைக் கையில் கொடுத்து, "ரத்தத்துல ஒரு கிருமி இருக்குக்கா. அதான் கல்லீரல மெதுவா தின்னிருக்கு. மருந்து இருக்கு, பயப்படாதீங்க. இத வீட்ல போய்ப் படிங்க" என்றாள்.

கலாதேவி சாமி அறையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் உடம்பில் கலந்தால் தொற்றும் கிருமி. பழைய ஊசிகள். பச்சை குத்துதல். போதை ஊசி.

போதை ஊசி என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாயாண்டி காம்பார் டவுனில் இரண்டு வருஷம் லாரியில் எடுபிடியாக இருந்தார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியாத அந்த இரண்டு வருஷம், இப்போது வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

"காம்பார்ல யாரு கூடச் சேந்தீங்க?" என்று கேட்டாள்.

"லாரி கூடச் சேந்தேன்."

"வெளையாடாதீங்க. கூட இருந்த பயலுங்க என்ன பண்ணுவானுங்க?"

"தூங்குவானுங்க. நானுந்தான். என்னா கலா, போலீஸ்காரி மாதிரி கேக்குற?"

"கையக் காட்டுங்க."

மாயாண்டி இரண்டு கைகளையும் நீட்டினார். முழங்கை மடிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வேலை முடிந்து வந்தால் சட்டையை முகர்ந்து பார்த்தாள். வாயை ஊதச் சொன்னாள். அம்மனிடம் விளக்கேற்றி, "தாயே, இந்த மனுஷன் என்னை ஏமாத்தியிருந்தா அதையும் காட்டு, இல்லன்னா அதையும் காட்டு" என்று வேண்டிக்கொண்டாள்.

காட்டத்தான் செய்தாள் அம்மன், ஆனால் வேறு விதமாக.

சனிக்கிழமை காலையில் மாயாண்டி கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது நெற்றியில் திருநீறு இருந்தது. ஆனால் விரலில் நல்லெண்ணெய் வாசம் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். எள் தீபம் ஏற்றிய கையில் எண்ணெய் ஒட்டாமல் இருக்குமா? மூன்றாவது சனிக்கிழமை கலாதேவி முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மாயாண்டி கோயில் வாசலில் நின்று கும்பிட்டார். உள்ளே போகாமல் பசார் பக்கம் திரும்பினார். அங்கே ரஹ்மத்தின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடைசி மேசையில், சாதாரண டீசட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கலாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் மகேந்திரன். அவருக்கு முன்னால் ஒரு பெரிய தாள். மாயாண்டி போய் உட்கார்ந்து, தாளில் விரலை வைத்து ஏதோ காட்ட ஆரம்பித்தார்.

அவள் நேராக உள்ளே போனாள். தாளைப் பார்த்தாள். பென்சிலால் இரண்டு வரிசை வீடுகள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதியிருந்தது. ஒரு வரிசைக்கு மேல் லயம் என்று பெயர், இன்னொன்றுக்குக் கீழ் லயம். கீழ் லயத்தின் மூன்றாவது கட்டத்தில் அவளுடைய அப்பாவின் பெயர்.

"எங்க லயத்த எதுக்குப் படம் போட்டு வச்சிருக்கீங்க?" என்றாள். குரல் கடை முழுக்கக் கேட்டது. "எங்க சாதியத் தெரிஞ்சுக்க இவ்ளோ பாடா டாக்டர்? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்லா."

"கேட்டேனேக்கா. நீங்க மேட்டுத் தோட்டம்னு சொன்னீங்க" என்றார் டாக்டர் மெதுவாக.

மாயாண்டி குறுக்கே புகுந்தார். "நாந்தான் மறுநாளே போன் போட்டு உண்மையச் சொன்னேன். நீ பொய் சொன்னதா ஆகிடக்கூடாதுன்னு ஒங்கிட்ட சொல்லல. ரெண்டு பேரும் வெளியவே பேசிக்கிட்டோம்."

"அக்கா, உக்காருங்க. தே போடவா?" என்று ரஹ்மத் நடுவில் வந்து கேட்டான்.

"போடு. சீனி வேணாம், வாயே கசந்துதான் கெடக்கு."

டாக்டர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. எண்ணினால் பதினொன்று.

"மூனு வருசத்துல பதினோரு பேர் இதே கிருமியோட என்கிட்ட வந்திருக்காங்கக்கா. பாதிப் பேர் கோயில் பூசை பண்றவங்க. யாருக்கும் போதைப் பழக்கம் கெடையாது. வீட்ல எல்லாரும் சந்தேகப்பட்டிருக்காங்க, ஒருத்தர் சம்சாரம் பிரிஞ்சே போயிட்டாங்க. எல்லாரும் ஒரே தோட்டம், ஆத்தோரத் தோட்டம். அதனாலதான் வர்றவங்கள எல்லாம் எந்தத் தோட்டம்னு கேக்குறேன்." தாளின் ஓரத்தை நீவிவிட்டார். "எங்கப்பா அங்க டிரஸ்ஸரா இருந்தாரு."

கலாதேவி அவர் முகத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். தோட்டத்து டிஸ்பென்சரி டிரஸ்ஸர், லயத்துக்கெல்லாம் அவர்தான் டாக்டர் மாதிரி. படி வைத்த வெள்ளை வீடு. அந்த வீட்டு வேலிக்கு உள்ளே லயத்துப் பிள்ளைகள் கால் வைத்ததில்லை. புதன்கிழமைதோறும் தூங்குமூஞ்சி மரத்தடியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சத்து ஊசி போடுவார். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு பெட்டி கொதிக்கும். அதிலிருந்து ஒரே ஒரு ஊசியை எடுப்பார். ஒரு கை, பஞ்சில் ஒரு துடைப்பு, அடுத்த கை. கடைசிப் பிள்ளை வரைக்கும் அதே ஊசி. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், யாரும் தப்பாக நினைக்கவில்லை. வரிசையின் தலைப்பில் தேய்த்த காற்சட்டையோடு ஒரு பையன் அழாமல் நிற்பான். டிரஸ்ஸர் மகனுக்கு ஊசியில்கூட முதல் இடமா என்று அவளுக்கு அப்போதே ஆத்திரம் வந்திருக்கிறது.

"எங்கப்பாவாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா" என்றார் டாக்டர். "இல்லன்னும் என்னால சொல்ல முடியல. அவரு போய்ச் சேந்துட்டாரு. மிச்சம் இருக்கறவங்களத் தேடிப் புடிச்சு ரத்தம் பாத்தா, கல்லீரல் கெடறதுக்கு முன்ன மருந்து குடுத்துரலாம்." அவர் பென்சில் மூன்றாவது கட்டத்தைத் தொட்டது. "நீங்களும் அந்த வரிசையில நின்னிருப்பீங்க. மேட்டுத் தோட்டம்னு சொன்ன ஒங்கள எப்படிக் கூப்பிடுறதுன்னு தயங்கி விட்டுட்டேன்."

ரஹ்மத் கொண்டுவந்து வைத்த தே ஆறிப் போனது. கலாதேவி தன் இடது கையைப் பார்த்தாள். கணவனின் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், தன் கையை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் இருந்தது. கல்லீரல் இன்னும் கெடவில்லை என்றும், மூன்று மாதம் மாத்திரை போட்டால் போதும் என்றும் சொன்னார்கள். மாயாண்டிக்கு ஆறு மாதம். காலையில் சாமி கும்பிட்டு முடித்ததும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கினார்கள்.

"காம்பார்ல லாரி கூடத்தான் சேந்தீங்கன்னு இப்ப நம்புறேன்" என்றாள் ஒரு நாள்.

"லாரிக்காரன் மக ஒருத்தி இருந்தா..." என்று ஆரம்பித்தார் மாயாண்டி. தண்ணீர்க் குவளை தலைக்கு நேராக வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பழைய ஆட்களைத் தேடும் வேலையைக் கலாதேவி தானே எடுத்துக்கொண்டாள். பத்து காஜாவில் யார், சுங்காயில் யார், யார் மகள் எங்கே கட்டிக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டு வாசலில் நின்று, "எந்தத் தோட்டம்னு கேட்டா மொறைக்காதீங்க, இது வேற சமாச்சாரம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். தாளில் இருபத்தாறு புள்ளிகள் சேர்ந்தன. கணவன் மனைவி இருவருக்கும் கிருமி போய்விட்டது. மாயாண்டிக்குத் தழும்பு மட்டும் நிற்கிறது, வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த வருஷம் டாக்டர் மகேந்திரன் ஓய்வு பெற்றார். மனைவி ஊரான ஜொகூருக்குக் குடிபோகிறார் என்று தாதி புனிதா சொன்னதும் கலாதேவி கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு போனாள். டாக்டர் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைக் கோட்டு கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்கியது. திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டார்.

புறப்படும்போது, ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்த அந்தக் கடைசி முள்ளை அவளால் அடக்க முடியவில்லை.

"டாக்டர், எல்லார் ரத்தத்தையும் பாத்தீங்க. ஒங்க ரத்தத்த பாத்தீங்களா?"

அவர் பெட்டியை மூடினார். வாசல் வரைக்கும் அவளோடு நடந்து வந்தார்.

"மொதல்ல அதத்தான் பாத்தேன்க்கா. ஒன்னுமில்ல. மத்த பிள்ளைங்க பயப்படக்கூடாதுன்னு எங்கப்பா என்னத்தான் முன்னால நிறுத்துவாரு. அடுப்புல கொதிச்ச ஊசி எனக்கு மட்டுந்தான் கெடச்சது."