நான்கு தடவை பிரித்த தொப்பி

பழைய சுவெட்டரைப் பிரித்தெடுத்த நூலை வெந்நீரில் நனைத்தால் ஒரு வாடை வரும். பாச்சா உருண்டையும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வியர்வையும் கலந்த வாடை. பதுளை பஜாரில் இரண்டு மாடிக் கடை வைத்து, பெட்டி பெட்டியாகப் புது நூல் இறக்குகிற எனக்கு இன்றும் அந்த வாடை மூக்கில் நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் என் பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போனதாக இந்த ஊரில் எவரும் விரல் நீட்டியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயிற்றில் தம்பியைச் சுமந்துகொண்டே கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மா, தேய்த்து மழுக்கிய இரண்டு குடைக்கம்பிகளால், அந்தப் பழைய சுவெட்டர் நூலில் பிள்ளைக்குத் தொப்பி பின்னுவாள், எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். உச்சியை மட்டும் மூடக்கூடாது, பிள்ளையின் அழுகுரல் கேட்ட பிறகுதான் மூட வேண்டும் என்பது எங்கள் லயத்துப் பெண்களின் கட்டுப்பாடு. ஒரு காலை அம்மா 'பெரட்டு'க்கு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், என் கைத்திறனைக் காட்டுவதற்காகவே உச்சியைச் சுருக்கி முடிச்சுப் போட்டு வைத்தேன். மறுநாள் அம்மாவுக்கு வலி கண்டது. எட்டாம் மாதம்தான்.

மழையில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்ததால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் பொதிந்து, இந்தக் குளிரில் நாலு நாள் தாண்டினால் பார்க்கலாம் என்றாள். தேயிலை ஆலையை நாங்கள் 'ஸ்டோரு' என்போம். அங்கே அடுப்பு வேலை பார்த்த அப்பா, ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கெஞ்சி, கொழுந்து காய்கிற சூட்டை ஒட்டிய அறையில் அம்மாவையும் பிள்ளையையும் கொண்டுபோய் வைத்தார். லயத்தில் எங்கள் அறையை ஒட்டிய காம்பராக்காரி என் காதில் விழும்படியே சொன்னாள்: "இவ அவசரப்பட்டு மூடுனா. அதுவும் அவசரப்பட்டு வந்துருச்சு. இனி எதுக்கு அவசரமோ."

நான்தான் தம்பியைக் கொல்லப் போகிறேன் என்று முடிவுகட்டிக்கொண்டு, இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் தொப்பியோடு ஸ்டோருக்குப் போய் அழுதேன். அம்மா அதை வாங்கிப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தாள். கழுத்துவரை இறங்கியது. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எவ்வளவு பெரிய தலைன்னு நீயே முடிவு பண்ணிட்டியாடி? வந்து முகம் காட்டட்டும்னுதான் மூடாம வைக்கிறது. பிரிச்சுட்டு மறுபடி போடு. நூலு நூலாத்தானே இருக்கு."

அங்கேயே பிரித்தேன். தம்பியின் தலை தோடம்பழ அளவுதான், ஒரு ஆரஞ்சுப் பழம் அவ்வளவுதான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் பின்னி, உச்சியை அம்மாவின் கண் முன்னே மூடினேன். நாலு நாள் தாண்டியது. மாதம் ஒன்று போனதும் தொப்பி பற்றவில்லை. பிரித்து, கொஞ்சம் நூல் சேர்த்துப் பெரிதாக்கினேன். அந்த வருஷம் முடிவதற்குள் அதை நான்கு தடவை பிரித்திருக்கிறேன். கண்ணிகள் மளமளவென்று கழன்று வரும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், பிள்ளை வளர்கிறான் என்று.

அந்த ஸ்டோர் இப்போது பூட்டிக் கிடக்கிறது. அப்பா, அம்மா இல்லை. ஸ்கேன் படத்திலேயே தலையின் அளவைச் சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் தம்பி மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அதற்குத்தான் இப்போது பின்னிக்கொண்டிருக்கிறேன். பார்க்கத் தம்பி இல்லை. வெலிமடையிலிருந்து கிழங்கு, லீக்ஸ் என்று காய்கறி ஏற்றி லாரி ஓட்டியவன், நோய்நொடி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அவனைக் காப்பாற்றியது என் கைதான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். போன வருஷம் ஒரு சாதாரணப் புதன்கிழமை, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அன்று பதுளையில் நல்ல வெயில். குளிருக்குத்தான் எனக்குப் பின்னத் தெரியும்.