கதாநாயகிக்கு எழுதிய ஒப்பந்தம்

எங்கள் வீடியோ கம்பெனியில் ஒலிப்பதிவு செய்யும் அக்காவுக்குப் பாம்புக்காது என்று பெயர். பக்கத்துக் கட்டடத்தில் மின்விசிறி சுற்றினால்கூட, "யாரோ ஃபேன் போட்டிருக்காங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்பார். நான் அங்கே எடிட்டர். அவர் பதிவு செய்ததில் ஒரு இரைச்சலை நான் கண்டுபிடித்தது கிடையாது.

எங்கள் கம்பெனியில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டோம். ஒரு விளம்பரம் என்றால் போன விளம்பரத்தின் ஃபைலைத் திறந்து அதன் மேலேயே வேலை செய்வோம். வேலை ஒப்பந்தத்தையும் மேனேஜர் அப்படித்தான் செய்தார். எப்போதோ ஒரு நடிகைக்கு எழுதியதை எடுத்து, பெயரையும் சம்பளத்தையும் மட்டும் மாற்றி எல்லோரிடமும் நீட்டிவிட்டார். அதன்படி நான் கம்பெனியைக் கேட்காமல் முடி வெட்டக் கூடாது. வெட்டுவதற்கு என் தலையில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். எடை கூடக் கூடாது, வெயிலில் கறுக்கக் கூடாது. நாங்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், இதுல என் வேலையே இல்லையே. லீவைப் பத்தியும் ஒண்ணும் இல்ல. மாத்திக் கொடுங்க."

"எல்லாருக்கும் ஒரே பேப்பர்தாம்மா. இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேட்பார். ஒவ்வொரு வருடமும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அக்கா உண்டானார். நீண்ட கழியின் நுனியில் மைக்கை மாட்டி, நடிப்பவர்களின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை அவருடையது. ஆறாம் மாதத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. கணவருக்கு நிரந்தர வேலை கிடையாது, வீடு ஓடுவதே அக்காவின் சம்பளத்தில்தான். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், திரும்பி வந்தால் இதே வேலை வேண்டும் என்று மேனேஜரிடம் போய்க் கேட்டார். ஹார்ட் டிஸ்க் வாங்கப் போன நானும் அங்கேதான் நின்றேன்.

மேனேஜர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "லீவுன்னு எதுவும் இல்லையேம்மா. அதோட, எடை கூடக் கூடாதுன்னு வேற போட்டிருக்கு."

கேலிக்குச் சொல்லவில்லை, பாவி மனுஷன் நிஜமாகவே சொன்னார்.

"சரி சார். ஒப்பந்தப்படியே நடந்துக்கலாம்," என்றார் அக்கா.

மறுநாள் படப்பிடிப்புக்கு அவர் வரவில்லை. போன் செய்தால், "கார் வரலையே" என்கிறார். அந்த நடிகைக்கு எழுதியதில் அதுவும் இருந்தது. வீட்டிலிருந்து போய்வரக் கார், ஓய்வெடுக்கத் தனி அறை, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. படம் எடுக்கச் சொன்ன வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்துவிட்டார், ஒலி இல்லாமல் எதை எடுப்பது? கார் போயிற்று. அன்றிலிருந்து அக்கா காரில் வந்து இறங்குவார், அறையில் காலை நீட்டிக்கொள்வார், நேரம் ஆனதும் கழியைக் கீழே வைத்துவிடுவார். லைட்மேன் கார்க் கதவைத் திறந்துவிட்டு, "கதாநாயகி வராங்க, வழி விடுங்கப்பா" என்பார். சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அதெல்லாம் எத்தனை நாளைக்கு? ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டுப் புது ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். இத்தனை வருடமாக நடக்காத வேலை ஒரு மத்தியானத்தில் நடந்திருந்தது. மேலேயே ஒலிப்பதிவாளர் என்று போட்டிருந்தார்கள். எடை போயிருந்தது, கூடவே காரும் அறையும் போயிருந்தன. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தோடு வேலை தானாக முடிந்துவிடும், மறுபடி சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம் என்று புதிதாக ஒன்று வந்திருந்தது.

அக்கா நிதானமாகப் படித்தார். "இதுதான் சார் எனக்குன்னே எழுதினது," என்றார். கையெழுத்துப் போடவில்லை. "பழசுக்கு இன்னும் வருஷம் முடியல. சாயந்திரம் காருக்குச் சொல்லிடுங்க."

சாயந்திரம் மைக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கார் எதிரிலேயேதான் நின்றது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து, தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை எடுக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. எல்லோரும் போய்விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, இறங்கிப் போனேன்.

"வாங்கக்கா, பஸ்ல போயிரலாம். இவங்ககிட்ட எதுக்கு வீம்பு?"

"நீ போடா," என்றார், காரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுதிக் கொடுத்திருக்காங்க. வரட்டும்."