மேல்வீட்டு நாற்காலி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் பாம்புக்காது. இரண்டு அறை தள்ளி நர்சுகள் குசுகுசுப்பதே கேட்டுவிடுகிற காதில் இது மட்டும் விழாமல் போகுமா? காது கேட்கிறதா என்று பரிசோதிக்கிற வேலையில் இருப்பவளுக்கு அது பட்டம்தானே என்று விட்டுவிட்டாள்.

அவள் வேலை நடப்பது, வெளிச் சத்தம் எட்டாதபடி கனத்த கதவும் மெத்தை போட்ட சுவரும் வைத்துக் கட்டிய ஒரு குட்டி அறையில். வந்தவரை உள்ளே உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பொத்தானை அழுத்துவாள். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவர்களுக்கு அவ்வளவுதான் சட்டம். அவளுக்கும் ஒரு சட்டம் உண்டு. அழுத்தும்போது முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனுஷர்கள் காதை விட்டுவிட்டு முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அப்படி முகத்தைத் துடைத்துவைத்து உட்கார்ந்ததில், வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் கழலுவதில்லை. கழன்றாலும் பார்க்க அங்கே யாரும் இல்லை.

கல்யாணம் தட்டித் தட்டிப் போனது. அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மாவும் போய் இரண்டு வருஷம். வெளியூர்த் தம்பி மாதத்துக்கு ஒருமுறை போன் பண்ணி, எப்படி இருக்கே என்பான். நல்லா இருக்கேன் என்பாள். சரி, வெச்சுடறேன் என்பான். அந்த 'வெச்சுடறேன்' வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவள் எடுத்துவைத்திருந்த விஷயங்கள் ஒரு மூட்டை தேறும்.

இந்த லட்சணத்தில் ரத்தக் கொதிப்பு நூற்று அறுபதைத் தொட்டது. அவளைவிட இருபது வயது சின்னவளான டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அதோடு, தினமும் சாயங்காலம் பதினைந்து நிமிஷம் கண்ணை மூடி ஒன்றும் செய்யாமல் உட்காரச் சொன்னாள்.

"மாத்திரையை நான் தரேன்க்கா. அமைதியை நீங்கதான் தேடிக்கணும். இப்படியே விட்டா ஒரு நாள் வீட்டுக்குள்ள விழுந்து கிடப்பீங்க, யாருக்கும் தெரியாது."

கடைசி வாக்கியம் வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது. யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

அன்றே தொடங்கினாள். ஆறு மணிக்கு விளக்கை அணைத்துச் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூடியதுதான் தாமதம், மேல்வீட்டில் டர்ர்ர்ர் என்று நாற்காலியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்தார்கள். மறுநாளும் அதே ஆறு மணி, அதே டர்ர்ர். பதினைந்து இருபது நிமிஷம் கழித்துத் திரும்பவும் இழுப்பு. மேலே போய் மணி அடித்தாள். உள்ளே நடமாட்டம் கேட்டது, கதவு திறக்கவில்லை. 'நாற்காலியை இழுக்காதீர்கள், தயவுசெய்து' என்று சீட்டு எழுதிக் கதவடியில் தள்ளிவிட்டு வந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எவ்வளவு திமிர் இருந்தால், என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியைத் தேடினாள்.

கோபமும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரண்டு மாதத்தில் அது பழகிப்போனது. டர்ர் என்றதும் கண்ணை மூடுவாள், மறுபடி டர்ர் என்றால் திறப்பாள். ரத்தக் கொதிப்பு நூற்று முப்பதுக்கு இறங்கியது. நாற்காலியையும் வென்று மனசை அடக்கிவிட்டதாக அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் பரிசோதனைக்கு எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் மெஷின் ஓட்டியவர். அவருடைய பதிவுச் சீட்டில் விலாசத்தைப் பார்த்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் குடியிருக்கும் அதே கட்டடம், அவள் வீட்டுக்கு நேர் மேலே உள்ள கதவெண்.

ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே உட்காரவைத்தாள். இரண்டு காதும் பாதிக்கு மேல் போயிருந்தது. போகட்டும், விரல்தான் சரியாக இல்லை. அவள் பொத்தானையே தொடாதபோதும் எழுந்தது. ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. கதவைத் திறந்து, கேட்டால் மட்டும் தூக்கும்படி உரக்கச் சொன்னாள்.

பெரியவர் கூச்சத்தோடு சிரித்தார். "கேக்கலம்மா. நீங்க பாவம், காத்துக்கிட்டே இருந்தீங்க. அதான் தூக்கினேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய முகத்தில் காத்திருப்பதைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

வீட்டில் அழைப்பு மணி கேட்குமா என்று விசாரித்தாள். மணி அடிக்க யார் வருகிறார்கள் என்றார் அவர். ஒருமுறை மட்டும் கதவடியில் ஒரு சீட்டு கிடந்ததாம், நாற்காலியை இழுக்காதே என்று. தன் வீட்டில்தான் ஒரு சத்தமும் இல்லையே, எதிர்வீட்டு வாண்டுகளுக்கு வந்த சீட்டு கதவு மாறி விழுந்துவிட்டது போல என்று அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாராம். அந்த வீட்டுக்காரர்கள் அரண்டுபோய் எல்லா நாற்காலிக்கும் ரப்பர் மாட்டினார்களாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், சீட்டு எழுதிய மகராசி தாள்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இரண்டு வாரத்தில் அவருக்குக் காது மெஷின் வந்தது. மாட்டி அனுப்பிய அன்று ஆறு மணிக்கு மேலே 'டர்' என்றது. அவ்வளவுதான், பாதியில் நின்றுவிட்டது. அவர் திடுக்கிட்டு நிற்பதைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு மேலே ஊசி விழுந்த சத்தம்கூட இல்லை.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது, உட்கார வேண்டியதுதானே? உட்கார்ந்தாள், கண் மூடவில்லை. பாம்புக்காது கூரையிலேயே போய் ஒட்டிக்கொண்டது. பிரிட்ஜ் உறுமுவதும் குழாய் சொட்டுவதும் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்டன. மனுஷ சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் மனசை அடக்கியது தன் சாமர்த்தியம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலைக்கு மேல் ஒரு உயிர் நடமாடுகிறது என்ற தெம்பில்தான் கண் மூடியிருக்கிறது. மூன்றே வாரத்தில் கொதிப்பு நூற்று ஐம்பத்தெட்டு. உட்காருவதை விட்டுவிட்டீர்களா என்று டாக்டரம்மா கடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியேறினாள். நாலு தடவை மணி அடித்த பிறகே கதவு திறந்தது. பெரியவர் அவளைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து மெஷினை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டார். ஜன்னலோரம் அந்த நாற்காலி நின்றது, நாலு காலிலும் பழைய சாக்ஸ் போட்டு நூலால் கட்டியிருந்தது.

தான் கீழ்வீடு என்றும், சீட்டு எழுதியது தான்தான் என்றும் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிடப்போனார். தடுத்துவிட்டு, மெஷின் ஏன் பையில் இருக்கிறது, உறுத்துகிறதா என்று கேட்டாள்.

"உறுத்தலம்மா. முன்னாடி எனக்குக் காது கேக்கலன்னு இருந்துட்டேன். இதை மாட்டினா, வீட்டுல யாரும் இல்லங்கறது கேக்குது."

எல்லோருக்கும் சொல்கிற 'போகப் போகப் பழகிடும்' வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். பிறகு, தன் வயசுக்கு இப்படி ஒன்றைக் கேட்க வெட்கமாக இருந்தாலும், கேட்டாள்.

"ஐயா, ஆறு மணிக்கு மட்டும் அதை மாட்டிக்குங்க. கீழே நான் நாற்காலியை இழுக்கறேன். கேட்டா, நீங்களும் இழுங்க. சாக்ஸ் வேண்டாம்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா சும்மா இருங்க. அதான் சட்டம்."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, சமையலறையிலிருந்து ஜன்னல் வரை நாற்காலியை இழுத்தாள். கீழேயிருந்து மேலே சத்தம் அவ்வளவாக ஏறாது, அதுவும் அந்தக் காதுக்கு எட்டுவது சந்தேகம்தான் என்று அவளுக்கே தெரியும். உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் போனது, இன்னொன்றும் போனது. மேலே அசைவே இல்லை. இன்னொரு தடவை இழுக்கலாமா என்று எழப்போனாள்.

டர்ர்ர்ர் என்று ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுபட்டது.

கேட்டுத்தான் இழுத்தாரா, கீழே ஒருத்தி பாவம், காத்துக்கொண்டிருக்கிறாள் என்று இழுத்தாரா? பரிசோதனை அறையாக இருந்தால் இதைச் சரியா தப்பா என்று குறித்தாக வேண்டும். அவள் குறிக்கவில்லை. தன் விரலை மெல்லத் தூக்கிக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.