வெறும் நெற்றி

கருத்தையா சேத்தூர்த் தோப்புகளில் தென்னை ஏறுகிறவன். இரண்டு வருசத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில், உச்சியில் பிடித்த மட்டை பிய்ந்துகொண்டு வர, கீழே விழுந்தான். உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் வைத்திருந்துவிட்டு, "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்னவென்று அவன் பெண்சாதி மாரிச்செல்விக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் போட வேண்டும். பிள்ளை குட்டி கிடையாது. அவளோ காலை எட்டரைக்கு ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் இருந்தாக வேண்டும். யார் புரட்டுவது? முதுகில் புண் வைத்தது. யார் யார் புண்ணுக்கோ பகலெல்லாம் துணி மடித்துவிட்டு, சாயங்காலம் வந்து அவன் புண்ணைக் கட்டினாள்.

கம்பெனியில் பக்கத்து மேசை ஜெயபாய்தான் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் இருந்த தகரக் கொட்டகைச் சபைக்குக் கூட்டிப் போனவள். "சும்மா வந்து உக்காருட்டி. புடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துரு" என்றாள். போகாத கோயில் இல்லை, வைக்காத பொங்கல் இல்லை என்று ஆகியிருந்த நேரம். மாரிச்செல்வி போனாள். அவன் கால் வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

எட்டு மாசமாயிற்று. கால் வரவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போனாள். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துகொண்டு, "என்னால ஏலல, ஆண்டவரே, என்னால ஏலல" என்று அவளும் சத்தமாகச் சொல்வாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் எதையாவது கேட்கத்தான் போயிருக்கிறாள். இங்கேதான் ஒன்றும் கேட்காமல் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தாள். அவன் காலைப் பற்றி ஜெபிப்பதை எப்போது விட்டோம் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது அவளுக்கே பயமாக இருந்தது.

பாஸ்டர் பால்பாண்டி முன்னாள் லாரி டிரைவர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். சபையார் ஒருவரின் தோப்பில், பம்புசெட்டுத் தொட்டியில், வருகிற ஞாயிறு பத்து மணிக்கு ஞானஸ்நானம் என்று அறிவித்துவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டார். "விருப்பம் இருந்தா வாங்கம்மா. கட்டாயம் இல்ல."

"பொட்டு, பூவு?"

"நம்ம சபையில கிடையாது."

"தாலி?"

"அதுவும் கழட்டித்தான்."

"பெரிய சர்ச்சுக்காரவுகல்லாம் தாலி போட்டிருக்காவளே, பாஸ்டர்."

"போட்டிருக்காங்க. இங்க பழக்கம் இப்படிம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம் இல்ல அது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயபாயும் அதையே சொன்னாள். "நான் இல்லையா? நெத்தியில ஒண்ணும் இல்லாமத்தான திரியுதேன்."

"ஒங்களுக்கு அழிக்கதுக்கு என்ன இருந்துச்சு, அக்கா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஜெயபாய் புருசன் செத்துப் பதினோரு வருசம். ஜெயபாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் புண்ணைத் துடைத்துக்கொண்டே, மறுநாள் ஞானஸ்நானத்தையும் அதற்குப் பொட்டும் தாலியும் எடுக்க வேண்டியிருப்பதையும் புருசனிடம் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எத்தனை மணிக்கு?"

"பத்து."

"இடுப்புக்குக் கீழ போச்சு. இப்பத் தலைமாட்டுலருந்து ஆரம்பிக்கியோ?"

"வையணும்னா வைங்க. கிண்டல் பண்ணாதிய."

"கிண்டல் இல்லட்டி. நீ போ. கும்புடு. பாட்டுப் பாடு. இத்தனை நாளா வேண்டாம்னேனா? ஆனா ஒண்ணு. வெறும் நெத்தியோட வந்து கஞ்சி ஊத்தினயின்னா, கருமாதிச் சோறுன்னுதான் நெனச்சுக்கிடுவேன்."

அவள் கட்டுப் போட்டு முடித்துவிட்டு அவனை மறுபக்கம் புரட்டினாள்.

மறுநாள் அவனுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டுக் கிளம்பினாள். பொட்டோடுதான் கிளம்பினாள். தோப்புக்குப் போய்ச் சேர்ந்து, துணி மாற்றுகிற மறைப்புக்குள் நின்றுதான் அதை உரித்தாள். தலையில் இருந்த முழம் பூவையும் எடுத்துவிட்டாள். நெற்றியில் பொட்டின் பிசின் இருந்த இடம் பிசுபிசுத்தது. தொட்டியில் மோட்டார்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தென்னை. அவன் விழுந்த நாளிலிருந்து அவள் தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

வரிசையில் அவளுக்கு முன்னால் நாலு பேர். தாலி இன்னும் கழுத்தில், சேலைக்குள் கிடந்தது. ஜெயபாய் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு சின்ன மஞ்சள் பையை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். கழற்றினால் போட்டுக்கொள்ள. பின்னால், தாலி கழற்றாத வேறு ஊர்ச் சபையிலிருந்து வந்த ஒரு அம்மா, மாரிச்செல்வியின் தோளைப் பிரியமாகத் தொட்டாள்.

"சின்ன வயசா இருக்கியேம்மா. வீட்டுக்காரரு தவறி எத்தனை வருசமாச்சு?"

மாரிச்செல்வி தாலிக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். கை அதற்கு மேலே போகவில்லை. வெறும் நெற்றியோடு தான் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டுவதும், அவன் அதை வாங்காமல் கிடப்பதும் தெரிந்தது. அவனைச் சாகடிக்காமல் இந்தத் தண்ணீருக்குள் இறங்க வழியே இல்லை என்று பட்டது. முறை வந்தபோது பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கை நீட்டினார்.

"முடியல, பாஸ்டர்."

"சரிம்மா. இன்னொரு நாள் வாங்க. ஆண்டவர் எங்கயும் போயிற மாட்டாரு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு அட்டைப் பொட்டு வாங்கி, கோயில் கோபுரம் தெரிகிற பக்கமாக நின்று ஒட்டிக்கொண்டாள். கும்பிடத் தோன்றவில்லை. அந்தக் கொட்டகையைப் பற்றியும் நினைக்கப் பிடிக்கவில்லை. வண்டி ஏறிச் சேத்தூர் வருவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது.

கருத்தையா ரொட்டியைத் தொடவில்லை. தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து, தன் பாதங்கள் தெரிகிற மாதிரி எக்கிப் படுத்திருந்தான். போர்வையைக் கம்பால் தள்ளி விலக்கியிருந்தான். அவள் உள்ளே வந்ததும் நெற்றியைத்தான் பார்த்தான்.

"முங்கலயா?"

"இல்ல. நீங்க சொன்னிய, அதான் வந்துட்டேன். இனிமே போகல."

அவன் சந்தோசப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் முகம் சுருங்கியது.

"பத்து மணிக்குன்னு சொன்னேல்ல. பத்து மணிலருந்து கால் வெரலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அசையுமா, அசையுமான்னு. பன்னெண்டு வரைக்கும் பாத்தேன்."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீங்கதான வேண்டாம்னிய."

"சொன்னேன்தான். நான் சொன்னா என்ன? நீ முங்கியிருக்கணும்ட்டி." அவளைப் பார்க்காமல், "அடுத்த வாரம் போறியா?" என்றான்.

போகலாம். பாஸ்டர் வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் இனிமேல் போனால் அவன் கால் விரலுக்காகத்தான் போக வேண்டும். விரல் அசையாது, அவளுக்குத் தெரியும். அசையாத விரலோடு இவன் கிடப்பான், அழித்த நெற்றியோடு அவள் எதிரே நிற்பாள். எதையும் கேட்காமல் உட்கார்ந்திருக்க அவளுக்கென்று இருந்த அந்த ஒரு இடமும் இன்று மத்தியானத்தோடு போயிற்று. போகமாட்டேன் என்றால், இருந்த ஒரு வழியையும் அடைத்தவள் நீதான் என்று அவன் ஆயுசுக்கும் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"செல்வி. ஒன்னத்தான் கேக்கேன்."

"திரும்பிப் படுங்க," என்றாள். "புண்ணப் பாக்கணும்."

அவனால் திரும்ப முடியாது. அவள்தான் எழுந்து வந்து புரட்டினாள்.