பாம்புக்காது டீச்சரும் முதல் பெஞ்சும்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பாம்புக்காது. கடைசி பெஞ்சில் எவனாவது முணுமுணுத்தால் போதும், பாடத்தை நிறுத்திவிட்டு அவன் சொன்னதை அப்படியே ஒப்பிப்பார். உண்மையில் அவர் காது சில வருஷமாகவே மந்தம். உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கண்தான் அத்தனை வேலையும் செய்துகொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

தொற்று பரவி, வகுப்பில் எல்லாரும் மாஸ்க் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அன்றைக்குப் பிடித்தது சனி. வாயைத் திறந்து பேசினால் முத்தா உதிர்ந்துவிடும் என்று பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்தார். டிவி சத்தத்துக்காக வீட்டுக்காரர் சண்டை பிடித்தபோதுதான், கோளாறு தன் காதில் என்று அவருக்கு உறைத்தது.

வெளியே சொல்லப் பயம். செவிட்டு டீச்சர் என்று ஆபீஸ் வேலைக்குத் தள்ளிவிட்டால்? வகுப்பு இல்லாமல் அவருக்கு மூச்சுவிடத் தெரியாது. அதனால் யார் என்ன பதில் சொன்னாலும், சரி உட்கார் என்று சொல்லிச் சமாளித்தார்.

முதல் பெஞ்சில் காதுக்கு மெஷின் வைத்த பெண் ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று டீச்சர்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார். மெஷின் பாதி, டீச்சரின் வாய் பாதி என்று படித்து வந்தவள். இப்போது அந்த வாயும் மூடிக் கிடந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவாள், பாவம்.

ஒருநாள் பின்னக் கணக்கு நடத்திவிட்டு, அவளைப் பார்த்துக் கையசைத்து, புரிந்ததா என்று கேட்டார். அன்றைக்கு அவள் தலையாட்டவில்லை. எழுந்து நின்று, இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"சரி, உக்காரு," என்றார் டீச்சர்.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவள் மேஜையில் முகத்தைப் புதைத்து அழுதாள். டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு, அந்தப் பெண் சொன்னதைப் பலகையில் எழுதச் சொன்னார்.

'நீங்க பேசுறது எதுவும் கேக்கல டீச்சர். ஒரு மாசமா எனக்கு ஒண்ணுமே புரியல.'

இந்தப் பச்சைப்பிள்ளைக்கு இருக்கிற துணிச்சல் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனால் போகிறது என்று சாக்பீஸை வாங்கி, அதற்குக் கீழேயே எழுதினார்.

'எனக்கும் கேக்கல கண்ணு. நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூடக் காதுல விழல.'

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள், மறுபடியும் படித்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னாள்.

"இங்க வந்து உக்காருங்க டீச்சர். பக்கத்துல இருந்தா நல்லா கேக்கும்."