பத்து நாள் கழிச்சு வாங்க

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவளுக்கு எல்லார் வீட்டு நல்லது கெட்டதும் அவர்களுக்கு முந்தியே தெரிந்துவிடும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. கம்பம் ஊரில் ஒன்பது வருசமாக அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறு வாரக் கர்ப்பத்தோடு வருகிறவர்களில் சிலருக்குக் கருப்பையில் கரு வளரும் பை தெரியும், இதயத் துடிப்பு தெரியாது. தங்குமா, கலைந்துவிடுமா என்று டாக்டராலேயே சொல்ல முடியாது. "பத்து நாள் கழிச்சு வாங்க" என்று சீட்டில் தேதி போட்டுக் கொடுப்பேன். போன மாசக் கடைசியில் அந்தச் சீட்டை எனக்கு நானே எழுதிக்கொண்டேன். கல்யாணமாகி எட்டு வருசத்தில் இதுதான் முதல் கர்ப்பம். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பத்து நாளும் வேலைக்கு வந்தேன். இப்படி நாள் எண்ணியவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

தேதி தெரியாத பாக்கியம்

கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாள் எது என்று கேட்டு எழுதுவதும் என் வேலை. நாலு நாள் முன்னப்பின்ன இருந்தால் போதும், 'துடிப்பு இல்லை' என்பது 'இன்னும் வரவில்லை' என்று ஆகிவிடும். என் தேதியும் தப்பாக இருக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எட்டு வருசமாக மாசம் தவறாமல் காலண்டரில் வட்டம் போட்டவளுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

ஏலக்காய் எடுக்கத் தினமும் ஜீப்பில் கேரளாவுக்குப் போய்வரும் கூடலூர்க்காரி ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தலைக்கு ஊற்றிய நாள்தான் ஞாபகம் இருந்தது. அதற்கு மூணு நாள் முந்தியே கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அன்னிக்கு வயித்துல ஒண்ணுமே இல்லையேக்கா, இல்லாத பிள்ளைக்கு எதுக்கு வயசு போடுறீக?"

டைப் அடிக்கிற கை

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கும் பை இருந்தது, துடிப்பு இல்லை. பத்து நாள் என்று கேட்டதும் அந்தப் பெண் பெஞ்சில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மாமியார் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் 'துடிப்பு தெரிகிறது' என்ற வரி முதலிலேயே வந்து நிற்கும். இல்லாதவர்களுக்கு அதை அழிக்க வேண்டும். என் ரிப்போர்ட்டிலும் நான்தான் அழித்தேன். மொத்தமாக அழிக்க மனசு வராமல் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். இது எதுவும் தெரியாத அந்த அம்மா என் காதருகே குனிந்து சொன்னார்: "ஆத்தா, துடிப்பு இருக்குன்னு அடிச்சுக் குடு, இந்தப் பத்து நாளு அவ நல்லாச் சாப்புட்டுத் தூங்கட்டும், நெசத்த அடுத்த தடவை அடிச்சுக்கிருவோம்."

வாந்தி

ஆறாம் நாள் காலையில் எனக்குக் குமட்டல் நின்றுவிட்டது. நல்லதுக்கும் நிற்கும், கெட்டதுக்கும் நிற்கும், டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சட்டினிக்குத் தாளித்த கரண்டியை மூக்கருகே வைத்து மோந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள்.

அன்றைக்கு ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த இளம் கர்ப்பிணி ஒருத்தி என் மேஜை முன்னாலேயே வாந்தி எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டுகிற அம்மா வருவதற்குள் நானே தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். அவள்மேல் எனக்கு இருந்த பொறாமையை எங்கே போய்ச் சொல்ல? வாய் கொப்பளித்துவிட்டு வந்தவள் கேட்டாள்: "மூஞ்சியக்கூடச் சுளிக்கலயேக்கா, ஒங்களுக்கு எத்தனை பிள்ளைக?"

பத்தாம் நாள்

டாக்டர் அதிகம் பேச மாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். மினுக் மினுக்கென்று ஒன்று துடித்தது. வேகம் பத்தாது என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை ரிப்போர்ட் அடித்திருக்கிறேன்! அந்த வேகத்தில் துடித்தவை அநேகமாக அடுத்த ஸ்கேனுக்கு இருக்காது. ஒன்றிரண்டு பிழைத்ததும் உண்டு. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார்.

திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியோடு நின்றார். துடிப்பு இருக்கு, ஆனா மெதுவா இருக்கு, தங்குறது கஷ்டம்னு தோணுது, எனக்கு இந்தப் பிள்ளை வேணும் என்று ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் என் கைப்பையை வாங்கி வண்டியில் மாட்டினார். "இன்னிக்கு இருக்குல்ல? இருக்கிற வரைக்கும் நம்ம பிள்ளதான், அதுக்குப் பசிக்கும், ஏறு, சாப்பிடப் போவோம்."

ஒன்பது வருச அனுபவம் இருந்து என்ன, ஆசைப்படுகிற வேலைக்கு நான் இப்போதுதான் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறேன்.